வேலையும் மானமும்



நான் தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில் செய்த பிழை ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். எங்கள் ஊரில் இருந்த நூற்பாலை ஒன்று ஒரு நாள் கதவடைத்தது. அந்த ஆலையை நம்பிச் சில நூறு வீடுகளில் அடுப்பு எரிந்து வந்தது. இரண்டு மாதம் கடந்ததும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் முகத்திலேயே வேறுபாடு தெரிந்தது. சிலர் மதிய வேளையில் வகுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை. சிலர் தேர்வுக் கட்டணம் செலுத்தவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரிடம் சொல்லி ஒரு சிறு தொகை திரட்டினேன். மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில், உதவி பெற வேண்டிய பதினொரு மாணவர்களின் பெயர்களை உரத்த குரலில் வாசித்தேன்.

பத்துப் பேர் வந்து பெற்றுக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் வரிசையை விட்டு நகரவில்லை. இரண்டாம் முறையும் அவன் பெயரை அழைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடங்காத பிள்ளை என்று அப்போது எண்ணினேன்.

அன்று மாலை அவனுடைய தந்தையார் என் அறைக்கு வந்தார். ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருபது ஆண்டு வேலை பார்த்தவர். "ஐயா, என் பையனைத் தவறாக நினைக்காதீர்கள். எங்கள் நன்மைக்காகத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் கை வைக்க வேண்டிய வேலை ஏதேனும் இருந்தால் என்னிடம் கொடுங்கள். அதற்குக் கூலி கொடுங்கள். பையனுக்கு வேண்டியதை நான் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி வரலாற்று வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் கரும்பலகையில் எழுதியவன். அப்பாடத்தின் உட்பொருளை எனக்குக் கற்பித்தவர் அந்தப் பிட்டர்தாம். வேலையிழந்தவர்க்கு ஓர் அரசாங்கம் எவ்வாறு உதவ வேண்டும் என்ற கேள்வியை, பெருமளவில், ஒரு நாடு முழுவதற்குமாக எதிர்கொண்டது 1930-ஆம் ஆண்டுகளின் அமெரிக்கா. அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பழைய முறை எதுவென்று அறிந்துகொள்ள வேண்டும். ஏழைக்கு உதவி கேட்டவுடன் கொடுத்துவிட்டால் அவன் சோம்பேறி ஆகிவிடுவான் என்ற அச்சம் அரசாங்கங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. இங்கிலாந்தில் 1834-ல் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம் அவ்வச்சத்தின் வடிவம். உடல் வலிமை உள்ளவன் உதவி வேண்டுமானால் ஏழையர் விடுதிக்குள் புக வேண்டும். அங்குள்ள வாழ்வு, வெளியே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் வாழ்வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இதுவே அச்சட்டத்தின் கொள்கை. அங்கே வேலை கொடுத்தார்கள். ஆனால் அந்த வேலை ஒரு சோதனை. கிட்டத்தட்ட ஒரு தண்டனை.

அக்கொள்கை நம் மண்ணையும் தொட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக 1877-ன் தொடக்கத்தில் இங்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை செய்வோரின் கூலியைக் குறைத்தார். வளர்ந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்பது அவர் கணக்கு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று வாதாடினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நாட்களில், 1877-78-ல், வெட்டப்பட்டது. அக்கால்வாயின் கரையில் நிற்க நேர்ந்தால், அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, அரசாங்கம் வேலை கொடுப்பது என்பது 1930-களில் தோன்றிய புதுமை அன்று. வேலையைத் தண்டனையாகவும் கொடுக்கலாம், மரியாதையாகவும் கொடுக்கலாம். அமெரிக்காவில் நிகழ்ந்த மாறுதல் இந்த இடத்தில்தான்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின, தொழிற்சாலைகள் நின்றன, விளைபொருளின் விலை வீழ்ந்தது. 1933-ல் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர், அதாவது சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர், வேலையின்றி இருந்தனர். நகரங்களில் ரொட்டிக்கும் கஞ்சிக்கும் நீண்ட வரிசைகள் நின்றன. ஏழையைக் காப்பது ஊராட்சிகளும் தரும சங்கங்களும் செய்ய வேண்டிய காரியம் என்பதே அதுவரை அங்கு நிலவிய எண்ணம். ஊராட்சிகளிடம் பணம் தீர்ந்தது. சங்கங்களின் உண்டியல் வற்றியது.

1932-ஆம் ஆண்டுக் கோடையில், முதல் உலகப் போரில் போரிட்ட வீரர்கள் பல்லாயிரவர் தலைநகராகிய வாஷிங்டனுக்குத் திரண்டு வந்தார்கள். 1945-ல் தருவதாக அரசாங்கம் வாக்களித்திருந்த போனஸ் தொகையை உடனே தர வேண்டும் என்று கேட்டார்கள். காங்கிரஸ் அதற்கு இணங்கவில்லை. ஜூலை 28-ஆம் நாள் குதிரைப் படையும் டாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப் புகைக்கு நடுவே வீரர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்களை அந்நாட்டுத் துப்பாக்கியே துரத்திய நாள் அது.

அடுத்த ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். முன்பு நியூயார்க் மாநில ஆளுநராக இருந்தபோதே, 1931-ல், வேலையற்றோர்க்கென ஒரு தற்காலிக உதவி நிர்வாகத்தை அமைத்தவர் அவர். அந்நிர்வாகத்தை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸ் என்பவரையே வாஷிங்டனுக்கு அழைத்து, 1933 மே மாதத்தில் மத்திய அவசர உதவி நிர்வாகத்தை ஒப்படைத்தார். ஹாப்கின்ஸ் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் சமூக ஊழியம் செய்து பழகியவர். பதவி ஏற்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலங்களுக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் ஒதுக்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பசி, கோப்புகளின் வரிசைக்குக் காத்திருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் வெறும் பணம் கொடுப்பதில் அவருக்கு மனநிறைவு இல்லை. உதவி பெற விரும்பும் குடும்பம், தான் ஏழை என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டுக்கு வருவார். அலமாரியில் என்ன இருக்கிறது, உறவினர் யார் யார் என்றெல்லாம் விசாரிப்பார். பல இடங்களில் காசுக்குப் பதிலாகக் கடைச் சீட்டே கிடைக்கும். அந்தச் சீட்டை நீட்டும்போது கடையில் நிற்கும் அனைவர்க்கும் செய்தி தெரிந்துவிடும். மாணவர்களே, இறைவணக்கக் கூட்டத்தில் நான் பெயர் வாசித்ததும் இதே காரியந்தான்.

அவ்வாண்டு நவம்பரில் ஹாப்கின்ஸின் பொறுப்பில் குடிசார் பணி நிர்வாகம் என்ற புதிய அமைப்புத் தோன்றியது. கொடிய குளிர்காலம் ஒன்றைக் கடத்துவதற்காகவே அமைந்த தற்காலிக ஏற்பாடு அது. 1934 ஜனவரிக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தனர். ஏறக்குறைய பாதிப் பேரை உதவி பெறுவோர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறு பாதியினரிடம் வறுமைக்குச் சான்று கேட்கவில்லை. வேலையில்லை என்று சொன்னால் போதும். அவர்களுக்குக் கிடைத்தது கடைச் சீட்டு அன்று; வேலைக்குரிய சம்பளம். சாலைகள் செப்பனிடப்பட்டன. சுமார் 40,000 பள்ளிகள் கட்டப்பட்டன அல்லது புதுப்பிக்கப்பட்டன. வேலையிழந்திருந்த ஆசிரியர் பல்லாயிரவர் மீண்டும் வகுப்பறைக்குச் சென்றார்கள். செலவு மிகுதி என்ற காரணத்தால் 1934 மார்ச் இறுதியில் அந்நிர்வாகம் மூடப்பட்டது. ஆயினும் அந்தச் சில மாதங்கள் ஒன்றைக் காட்டிவிட்டன. வேலை கிடைத்தால் மக்கள் செய்வார்கள். சோம்பலுக்கு அஞ்சி அவர்களைச் சோதிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

உங்கள் வயதினரைப் பற்றிய பகுதிக்கு இப்போது வருகிறேன். ரூஸ்வெல்ட் பதவியேற்ற அம்மாதத்திலேயே, 1933 மார்ச் 31-ல், குடிமக்கள் வளப் பாதுகாப்புப் படைக்கான சட்டம் கையெழுத்தாயிற்று. மணமாகாத, வேலையற்ற இளைஞர்களைக் காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பி, மரம் நடவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் காட்டுத் தீயை அணைக்கவும் பணிப்பது அதன் நோக்கம். தொழிலாளர் துறை ஆட்களைத் தேர்ந்தது. இராணுவம் முகாம்களை நடத்தியது. விவசாயத் துறையும் உள்துறையும் வேலைகளை வகுத்தன. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பகுதி, வழக்கமாக 25 டாலர், நேரே வீட்டுக்குச் சென்றுவிடும். உணவும் உடையும் தங்குமிடமும் முகாமிலேயே கிடைத்தன.

ஊர் மக்கள் இப்படையை மரப்படை என்று செல்லமாக அழைத்தார்கள். 1942 வரை நடந்த இப்படையில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பணியாற்றினர். சுமார் 300 கோடி மரங்கள் நடப்பட்டன. மாலை நேர வகுப்புகளில் எழுத்தறியாத இளைஞர் 40,000-க்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர். தாயிடம் பணம் கேட்க நாணிய பிள்ளை, தாய்க்குப் பணம் அனுப்பும் பிள்ளையாக மாறினான். வாஷிங்டனிலிருந்து விரட்டப்பட்ட பழைய போர்வீரர்களையும் இந்த அரசாங்கம் மறக்கவில்லை. 1933 மே மாதத்தில், வயது வரம்பைத் தளர்த்தி, 25,000 போர்வீரர்களை இப்படையில் சேர்க்க உத்தரவாயிற்று. முந்திய ஆண்டு துப்பாக்கி காட்டிய அரசாங்கம் இப்போது மண்வெட்டி கொடுத்தது.

இவற்றிலெல்லாம் பெரியது 1935 மே மாதத்தில் அமைந்த பணிகள் முன்னேற்ற நிர்வாகம். இதற்கும் ஹாப்கின்ஸே தலைவர். எட்டாண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் இதில் வேலை பெற்றனர். 1938 இறுதியில் ஒரே சமயத்தில் 33 லட்சம் பேர் வேலை செய்தனர். 6,50,000 மைல் சாலை, 75,000-க்கும் மேற்பட்ட பாலங்கள், 1,25,000 பொதுக் கட்டடங்கள் என்று அதன் கணக்கு விரிகிறது. இவற்றுள் புதிதாகச் செய்தவையும் செப்பனிட்டவையும் அடங்கும். நியூயார்க்கில் 1939-ல் திறக்கப்பட்ட லாகார்டியா விமான நிலையம் இந்நிர்வாகத்தின் உழைப்பால் உருவானது.

பட்டறைத் தொழிலாளியை மட்டும் வேலையற்றவன் என்று ஹாப்கின்ஸ் கருதவில்லை. எழுத்தாளனுக்கும் இசைக் கலைஞனுக்கும் ஓவியனுக்கும் பசி உண்டு. அவனவன் கற்ற தொழிலிலேயே அவனவனுக்கு வேலை தர வேண்டும் என்று கருதினார். அதனால் எழுத்தாளர் திட்டம் ஒன்று அமைந்தது. ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து, முதுமையடைந்து எஞ்சியிருந்த 2,300-க்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் கதைகளை, 1936 முதல் 1938 வரை, அத்திட்டத்தினர் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதினார்கள். சில ஆண்டுகள் தாழ்த்திருந்தால் அக்குரல்கள் மண்ணோடு மறைந்திருக்கும். கென்டக்கி மாநில மலைப் பகுதியில் பெண்கள் குதிரை மேல் புத்தகப் பை ஏற்றிக்கொண்டு, பாதையற்ற சிற்றூர்களுக்கும் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்கும் சென்று நூல் வழங்கினார்கள். இதுவும் வேலையற்றோர்க்கான திட்டமே.

இந்த நிர்வாகத்தைப் பழித்தவர்களும் பலர். அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளுக்கு "நாங்கள் மெல்ல நகர்வோம்" என்று பொருள் கற்பித்துச் சிரித்தார்கள். மண்வெட்டியின் மேல் சாய்ந்து நிற்கும் ஆளைச் சித்திரமாக வரைந்தார்கள். சில இடங்களில் வேலை மெத்தனமாக நடந்ததும், சில இடங்களில் கட்சி அரசியல் நுழைந்ததும் உண்மையே. ஆனால் அந்தக் கேலி படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவிளையாடற் கதை ஒன்று நினைவுக்கு வரும். வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளற்ற கிழவி வந்திக்காக, பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க ஒருவன் வந்தான். அவன் ஆடினான், பாடினான், படுத்து உறங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த ஓர் அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் பட்டது. அரசன் முதுகிலும் பட்டது. வேலையற்றவனைச் சோம்பேறி என்று நாம் ஓங்கும் பிரம்பும் அப்படிப்பட்டதுதான். இன்று அவன் முதுகு. ஆலை மூடும் நாளில் நம் முதுகு.

ஒரு முறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, சாலை போட்டுச் சம்பளம் கொடுப்பதைவிட, பணத்தையே நேராகக் கொடுத்துவிட்டால் செலவு குறையுமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நேர்மையான விடை, ஆம் என்பதுதான். வேலை கொடுப்பதற்குக் கல்லும் மணலும் கருவியும் வேண்டும், மேற்பார்வையாளர் வேண்டும், திட்டம் வகுக்க நாள் பிடிக்கும். பணம் கொடுப்பது விரைவானது, மலிவானது. முதியவர்க்கும் நோயாளிக்கும் பணமே தக்க உதவி. 1935-ல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் வழி செய்தது அதனால்தான்.

ஆனால் உழைக்கக் கூடியவனுக்கு வேலை போகும்போது கூலி மட்டுமா போகிறது? காலையில் எழுந்து புறப்பட ஒரு காரணம் போகிறது. கையில் இருந்த திறமை துருப்பிடிக்கிறது. தன்னைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்ற கவலை வந்து குடியேறுகிறது. திருவள்ளுவர் வைத்த முறையைப் பாருங்கள். உழவு என்னும் அதிகாரத்தை அடுத்து நல்குரவு. நல்குரவை அடுத்து இரவு. இரவை அடுத்து இரவச்சம். உழைப்பு, வறுமை, கையேந்துதல், கையேந்த அஞ்சுதல் என்று அவை வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையே ஒரு பாடம். இரவச்சம் உள்ளவனை இரக்கச் செய்யாமல் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் ஹாப்கின்ஸின் முன் நின்ற கேள்வி.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். குறையை மறைக்கும் வரலாறு மாணவர்க்கு உதவாது. மரப்படையில் நீக்ரோ இளைஞர்கள் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கி வைத்தார்கள். பெண்களுக்கு அப்படையில் இடமே இல்லை. ஜனாதிபதியின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் முயன்றதால் பெண்களுக்கென வேறு முகாம்கள் ஏற்பட்டன. அவற்றால் பயனடைந்தவர் சுமார் 8,500 பேர்தாம். பணிகள் முன்னேற்ற நிர்வாகம் பொதுவாகக் குடும்பத்துக்கு ஒருவருக்கே வேலை தந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஆடவராக இருந்தார். குளிர்காலத் திட்டம் நீக்கிய வறுமைச் சான்று இந்நிர்வாகத்தில் திரும்ப வந்தது. வேலை வேண்டி நின்ற எல்லார்க்கும் ஒருபோதும் வேலை போதவில்லை.

இன்னும் ஒரு பெரிய குறை உண்டு. அரசாங்க வேலையிலிருந்து சாதாரண வேலைக்குத் திரும்பும் பாதை குறுகலாக இருந்தது. 1933 ஜூனில் இயற்றிய சட்டத்தால் வேலை தேடுவோரையும் வேலை தருவோரையும் இணைக்கும் அலுவலகங்கள் நாடெங்கும் வலுப்பெற்றன. அமெரிக்க மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் பெண்மணியாகிய பிரான்சஸ் பெர்க்கின்ஸ் தொழிலாளர் துறைச் செயலராக இருந்து இதனைக் கண்காணித்தார். ஆனால் இணைப்பதற்கு வேலைகள் இருக்க வேண்டுமே! 1937-ல் நிலைமை தேறிவிட்டதாக எண்ணி அரசாங்கம் செலவைச் சுருக்கியது. அந்த ஆண்டே மீண்டும் மந்தம் வந்தது. அடுத்த ஆண்டில் வேலையற்றோர் தொகை மறுபடி ஏறியது. 1939-ல், தொடர்ந்து பதினெட்டு மாதம் பணி செய்தவரை நீக்க வேண்டும் என்று காங்கிரஸ் விதித்தது. வெளியே வேலை இல்லாதபோது வெளியேறச் சொல்வதில் என்ன பயன்? இரண்டாம் உலகப் போரின் தளவாடத் தொழில்தான் இறுதியில் எல்லார்க்கும் வேலை தந்தது. 1943-ல் அந்நிர்வாகம் மூடப்பட்டது.

பாதையை அகலமாக்கும் வழியையும் அந்த ஆண்டுகளே கற்பித்தன. 1935-ல் அமைந்த தேசிய இளைஞர் நிர்வாகம், படிப்பை நிறுத்த நேர்ந்த மாணவர்க்கு நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பகுதி நேர வேலை தந்து, படிப்பைத் தொடரச் செய்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயனடைந்தனர். அதன் டெக்ஸாஸ் மாநிலத் தலைவராக இருந்தவர் லிண்டன் ஜான்சன். சட்டம் பயின்ற காலத்தில் மணிக்கு 35 சென்ட் கூலிக்கு அத்திட்டத்தில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் நிக்ஸன். இருவரும் பின்னர் அடுத்தடுத்து ஜனாதிபதிகள் ஆயினர். 1944 ஜூனில் இயற்றப்பட்ட போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் இதனினும் பெரிய அடி எடுத்து வைத்தது. போர் முடிந்து திரும்பியவர்க்கு வேலை தேடும் காலத்தில் வாரந்தோறும் உதவித்தொகை; கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் கட்டணம். 1956-க்குள் 78 லட்சம் பேர் அதனால் கற்றனர். 1932-ல் போர்வீரர்களுக்கு இழைத்த அநீதியை மறவாத நாடு செய்த கழுவாய் என்று இதனைக் கூறலாம்.

நம் நாட்டிலும் இதே காலத்தில் இதே கவலை எழுந்தது. போரிலிருந்து திரும்பும் வீரர்க்கு வேலை தேடித் தர 1945 ஜூலையில் ஒரு தலைமை இயக்ககம் ஏற்பட்டது. 1948-ல் அதன் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டன. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. மகாராஷ்டிர மாநிலம் 1977-ல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005-ல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்றும், கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப்படி தர வேண்டும் என்றும் விதித்தது. தாது வருஷத்தில் ஏழையைச் சோதித்தது அரசாங்கம். இச்சட்டத்திலோ, வேலை தரத் தவறினால் தண்டம் செலுத்த வேண்டியது அரசாங்கம். அந்நூற்று முப்பது ஆண்டுத் தொலைவை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பிட்டரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாளே அவரிடம் வேலை கொடுத்தோம். துருவேறிய அடிகுழாய், கீல் கழன்ற கதவுகள், ஆட்டம் கண்ட பெஞ்சுகள், பல ஆண்டாகத் திறக்க முடியாத ஆய்வுக்கூடக் குழாய்கள் எல்லாம் அவர் கையில் சீரடைந்தன. பெற்றோர் ஆசிரியர் கழகம் கூலி கொடுத்தது. அவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மகன், பள்ளியின் முன்வாயில் இரும்புக் கதவை அப்பா செப்பனிடுவதை, இடைவேளையில் நண்பர்களை அழைத்து வந்து காட்டினான். மூன்று மாதம் கழித்து, தம் பிள்ளையைச் சேர்க்க வந்த பட்டறைக்காரர் ஒருவர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்து, "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டார். அடுத்த வாரமே பிட்டர் அந்தப் பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

மற்றப் பத்து மாணவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டதனால் அவர்களுக்கு மனம் நோகவில்லை என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததும் பிழைதான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பின் என் பணிக்காலம் முடியும் வரை எந்த உதவிக்கும் எவர் பெயரையும் கூட்டத்தில் வாசிக்கவில்லை.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அதிகாரிகள் ஆவீர்கள். திட்டங்கள் உங்கள் மேசைக்கு வரும். வேலையிழந்தோர்க்கான திட்டம் ஒன்று வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது இன்றைய பசியை ஆற்றுமா? செய்த வேலை ஊருக்குப் பயன்படுமா? நாளை அவர் தம் சொந்தக் காலில் நிற்க வழி திறக்குமா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின், அந்த உதவியை அவர் தலை குனியாமல் பெற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குரிய விடை கோப்பில் இராது. வரிசையில் நின்று தலை குனிந்துகொள்ளும் ஒரு சிறுவனின் முகத்தில் இருக்கும்.